பதினாறாம் நாள் இல்லாத வீரர்கள்

1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழ் வந்தது. நாயகன் இரும்புக்கை மாயாவி. இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ வார இதழில் 1962இல் தொடங்கிய தொடர் அது. வரைந்தவர் ஸ்பெயின் ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ. கதைநாயகன் லூயிஸ் கிராண்டேல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன். ஒரு விபத்தில் வலது கை போய், அந்த இடத்தில் இரும்புக் கை பொருத்தப்பட்டிருக்கிறது. இன்னொரு விபத்தில் மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து, அந்த இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரிகிறது. கரண்டைத் தொட்டால் நாமும் மறைவோமா என்று யோசித்த பையன்கள் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். போன கைக்காக அந்த மனிதன் ஒரு ராத்திரியாவது அழுதிருப்பானா என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. கதையும் அந்த இடத்தில் நிற்பதில்லை. கை போனது, சக்தி வந்தது, அடுத்த கட்டம்.

இந்த ஒரு பாய்ச்சலில் சூப்பர்ஹீரோ காமிக்ஸின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. 1938இல் வந்த சூப்பர்மேன், பிறந்த கிரகமே வெடித்துச் சிதறியபின் பூமிக்கு வந்து சேர்ந்த குழந்தை. அவனை உருவாக்கிய இருவரில் எழுத்தாளரான ஜெர்ரி சீகலின் தந்தை, 1932இல் தன் துணிக்கடையில் நடந்த கொள்ளையின்போது இறந்தவர். பேட்மேனின் பிறப்புக் கதை 1939 நவம்பர் இதழில் வந்தது. மொத்தமே இரண்டு பக்கம். தெருவில் அப்பாவும் அம்மாவும் சுடப்படுகிறார்கள். சிறுவன் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மண்டியிட்டுச் சபதம் செய்கிறான். சில கட்டங்களில் ஆளாகிவிடுகிறான். 1940இல் வந்த ராபினின் பெற்றோர் சர்க்கஸில் பார் விளையாடும்போது, வேண்டுமென்றே பழுதாக்கப்பட்ட கயிறு அறுந்து விழுந்து சாகிறார்கள். 1962இல் ஸ்பைடர்மேன். தான் பிடிக்காமல் விட்ட திருடனே தன்னை வளர்த்த அங்கிள் பென்னைக் கொன்றான் என்று தெரியும் நொடியில்தான் பீட்டர் பார்க்கர் வீரனாகிறான்.

இந்தியாவில் வரைந்தவர்களும் இதே வாசலில்தான் நுழைந்தார்கள். ராஜ் காமிக்ஸுக்காக அனுபம் சின்ஹா 1987இல் படைத்த சூப்பர் கமாண்டோ துருவா ஒரு சர்க்கஸ் குழந்தை. போட்டி சர்க்கஸ்காரர்கள் வைத்த தீயில் அவன் தாய் தந்தையர் இறக்கிறார்கள். ராபினின் நிழல் அதில் விழுந்திருப்பதை யாரும் பார்க்கலாம். 2004இல் மும்பைக்கு வந்த இந்திய ஸ்பைடர்மேன் பவித்ர் பிரபாகருக்கு வேட்டி உண்டு, சக்தி தர ஒரு யோகி உண்டு, எதிரியாக அசுரர் உலகம் உண்டு. கொல்லப்படுவதற்குப் பீம் மாமாவும் உண்டு. உடையும் மாயமும் நம்முடையவை. துக்கத்தின் நடை மட்டும் நியூயார்க்கில் எழுதியபடியே இருக்கிறது: சாவு, குற்றவுணர்வு, கடமை.

இந்தக் கட்டுரை கேட்பது ஒன்றைத்தான். எண்பது ஆண்டுக்கும் மேலாக இழப்பிலேயே கால் ஊன்றி நிற்கும் ஒரு கலைவடிவம், துக்கத்தை எப்படி நடத்தியிருக்கிறது? என் பதில் இது. இழப்பைக் காட்டத் தெரிந்த அளவுக்கு அதற்கு இழவு காக்கத் தெரியவில்லை. சில படைப்புகள் மட்டும் சண்டையை நிறுத்திவிட்டுச் செத்தவர் பக்கத்தில் உட்கார்ந்தன. அவை சிறந்தவை, நமக்கு வேண்டியவை.

தமிழ் வாசகர் இதை அளக்க வெளியூரிலிருந்து அளவுகோல் வாங்க வேண்டியதில்லை. நான் குடியிருக்கும் ராஜா அண்ணாமலைபுரத்தில், அடையாற்றுக் கழிமுகத்தை ஒட்டித் தொல்காப்பியர் பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது. போரில் பட்ட வீரனுக்குக் கல் நடுவதைத் தொல்காப்பியம் படிப்படியாகச் சொல்கிறது. கல்லைத் தேடிக் காணும் காட்சி, அதை எடுத்துவரும் கால்கோள், நீராட்டும் நீர்ப்படை, நடுகல், படையலிடும் பெரும்படை, வாழ்த்து. ஆறுமே ஊர் கூடிச் செய்யும் வேலைகள். தனியாக நின்று நெஞ்சில் சபதம் எடுக்கும் ஆள் அதில் கிடையாது. ஆதரித்த தலைவன் மாண்டபின் செய்வதறியாமல் நிற்பதற்கென்றே கையறுநிலை என்று ஒரு துறையைப் புறத்திணை வைத்திருக்கிறது. பழிவாங்குவதோ மீண்டு எழுவதோ அங்கே பேச்சில்லை. கை அற்றுப்போன நிலைக்கு அங்கே முழு மரியாதை உண்டு.

சிலப்பதிகாரம் இதை இன்னும் பெரிதாகச் செய்கிறது. கோவலன் கொலையுண்டான், மதுரை எரிந்தது. இன்றைய சூப்பர்ஹீரோ கதை அங்கே முடிந்திருக்கும். இளங்கோவோ அதற்குப்பின் வஞ்சிக் காண்டம் என்று ஒரு முழுக் காண்டத்தை எழுதுகிறார். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என்று காதைகளுக்குப் பெயரே அந்தப் படிகள்தாம். மூன்றில் ஒரு காண்டம், நடந்துபோன இழப்பை ஒரு நாடு என்ன செய்வது என்பதற்காக. தென்மாவட்ட வில்லுப்பாட்டிலும் இதே பொறுமை உண்டு. முத்துப்பட்டன் வெட்டுண்டு விழுந்ததும் கதை நிற்பதில்லை. பொம்மக்காவும் திம்மக்காவும் செய்தி கேட்பதும் அழுவதும் தீப்பாய்வதும் கேட்பவர் கண்ணீரோடு நீள்கின்றன. காத்தவராயன், மதுரைவீரன் என்று, அநியாயமாகச் செத்தவர்களைச் சாமியாக்கிக் கொண்டாடிய சமூகம் இது. அமெரிக்கக் காமிக்ஸ் வீரர்களைப் பார்க்கும்போது நமக்கு ஏதோ குறைவதாகத் தோன்றினால் காரணம் இதுதான். அவர்களுக்குப் பதினாறாம் நாள் இல்லை.

ஏன் இல்லை? முதல் காரணம் சபதம். பேட்மேனின் மெழுகுவர்த்திக் கட்டம் துக்கத்தின் இடத்தைச் சபதத்துக்குக் கொடுத்துவிட்டது. அழவேண்டிய இரவில் அவன் வேலைத்திட்டம் போடுகிறான். பிறகு வந்த எழுத்தாளர்கள் அந்தச் சந்துக்கே திரும்பத் திரும்பப் போய், தாயின் முத்துமாலை அறுந்து சிதறுவதை எத்தனையோ விதமாக வரைந்திருக்கிறார்கள். காயம் கதைக்கு எரிபொருளாக வேண்டியிருப்பதால் ஆற விடுவதில்லை. ஆறிவிட்டால் பேட்மேன் வீட்டுக்குப் போய்விடுவான்.

இரண்டாவது காரணம் மாத இதழ். யாரும் நிரந்தரமாகச் சாக முடியாது. 1980இல் எக்ஸ்மென் கதையில் ஜீன் கிரே இறந்தது வாசகரை உலுக்கிய மரணம். சில ஆண்டுகளில் அவள் திரும்பிவிட்டாள். 1992 நவம்பரில் சூப்பர்மேன் இறந்தபோது இதழைக் கறுப்பு உறையில் போட்டு, கையில் கட்டிக்கொள்ளத் துக்கப் பட்டையும் வைத்து விற்றார்கள். அடுத்த ஆண்டே அவனும் எழுந்துவந்தான். 2023இல் மார்வெலின் இளம் நாயகி கமலா கான் இறந்து, இரண்டு மாதம் முழுதாக ஆவதற்குள் உயிர்பெற்றாள். சாவு திரும்பப் பெறக்கூடியதாக ஆனபின் அழுகைக்கு மதிப்பு போய்விடுகிறது. வாசகன் அழமாட்டான், காத்திருப்பான்.

இந்தப் போக்கின் அடிமட்டம் 1988. இரண்டாவது ராபினான ஜேசன் டாட் பிழைக்க வேண்டுமா, சாக வேண்டுமா என்று டிசி நிறுவனம் இரண்டு தொலைபேசி எண்களைக் கொடுத்து வாசகரையே முடிவு செய்யச் சொன்னது. சாகட்டும் என்று 5,343 அழைப்புகள், பிழைக்கட்டும் என்று 5,271. எழுபத்திரண்டு அழைப்புகளில் ஒரு சிறுவன் செத்தான். கற்பனைப் பாத்திரம்தானே என்று இதைக் கடந்துபோக என்னால் முடியவில்லை. ஒரு குழந்தையின் சாவை வாக்கெடுப்பாக்கலாம் என்று குழந்தைகள் படிக்கும் ஒரு வடிவம் நினைத்தது தவறு. ஆனாலும் அந்தத் தவறிலிருந்து நல்லதொன்று பிறந்தது. பேட்மேனின் குகையில் ஒரு கண்ணாடிப் பேழைக்குள் ஜேசனின் உடுப்பு வைக்கப்பட்டது. அடுத்த பல ஆண்டுக் கதைகளில் பேட்மேன் அதைக் கடந்துதான் வேலைக்குப் போனான். அமெரிக்கச் சூப்பர்ஹீரோ காமிக்ஸில் நடுகல்லுக்கு மிக அருகில் வந்த பொருள் அதுதான். 2005இல் ஜேசனையும் உயிர்ப்பித்தார்கள். பேழைக்குப் பொருள் போயிற்று.

இனி, உட்கார்ந்த கதைகள்.

1973 ஜூன் இதழில் ஜெரி கான்வே எழுதி கில் கேன் வரைந்த, பீட்டரின் காதலி க்வென் ஸ்டேசியின் மரணம். பாலத்தின் மேலிருந்து கிரீன் காப்ளின் அவளைத் தள்ளுகிறான். ஸ்பைடர்மேன் வலை வீசிக் காலைப் பிடிக்கிறான். கழுத்தருகே பொடி எழுத்தில் ஒரு முறிவுச் சத்தம். தூக்கிப் பார்த்தால் உயிர் இல்லை. காப்பாற்றிய வேகமே கொன்றிருக்கிறது என்பதைப் பின்னொரு இதழின் கடிதப் பகுதியில் ஆசிரியர்களே சொன்னார்கள். இந்தக் கட்டத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அதைவிட எனக்குப் பெரியதாகப் படுவது அடுத்த இதழின் கடைசிப் பக்கம். எதிரியும் செத்துவிட்டான், பீட்டருக்கு எதுவும் தணியவில்லை. அறையில் மேரி ஜேன் நிற்கிறாள். எதையும் கனமாக எடுத்துக்கொள்ளாத பெண் என்று அதுவரை காட்டப்பட்டவள். பீட்டர் கடுமையாகப் பேசி அவளைப் போகச் சொல்கிறான். அவள் கதவுவரை போகிறாள், அழுகிறாள், கதவைச் சாத்திவிட்டு உள்ளேயே நிற்கிறாள். கதவு சாத்தும் சிறு சத்தத்தோடு இதழ் முடிகிறது. முந்தைய இதழில் ஒரு சத்தம் உயிரைக் கொண்டுபோனது. இந்த இதழில் ஒரு சத்தம், துணைக்கு ஓர் ஆள் இருக்கிறாள் என்று சொல்கிறது. துக்கம் விசாரிக்க வந்தவர் திட்டு வாங்கியும் போகாமல் இருப்பதென்றால் என்னவென்று நம் ஊர்க்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, ஜிம் ஸ்டார்லின் 1982இல் எழுதி வரைந்த ‘கேப்டன் மார்வெலின் மரணம்’. மார்வெல் நிறுவனத்தின் முதல் கிராஃபிக் நாவல். எழுதும் காலத்தை ஒட்டித்தான் ஸ்டார்லின் தன் தந்தையைப் புற்றுநோய்க்கு இழந்திருந்தார். கதையிலும் வீரனுக்கு வருவது புற்றுநோய்தான். பழைய சண்டை ஒன்றில் சுவாசித்த விஷவாயு காரணம். பிரபஞ்சத்தின் பெரிய மூளைகளெல்லாம் கூடி மருந்து தேடுகின்றன, கிடைக்கவில்லை. இத்தனை விஞ்ஞானம் இருந்தும் இந்த நோய்க்கு இவ்வளவு நாள் ஏன் மருந்து தேடவில்லை என்று இளம் நண்பன் ரிக் ஜோன்ஸ் கோபப்படுகிறான். அந்தக் கேள்வி இந்த வகைமையின் அடிமடியிலேயே கைவைக்கும் கேள்வி. வீரர்கள் ஒவ்வொருவராக வந்து படுக்கையருகே நிற்கிறார்கள். வாழ்நாள் எதிரிகளான ஸ்க்ரல்களின் தூதன் வந்து பதக்கம் வைத்து மரியாதை செய்கிறான். உடம்புக்கு முடியாமல் கிடக்கும் பெரியவரைப் பார்க்க, பேச்சுவார்த்தை அற்றுப்போன பங்காளியும் ஒரு நாள் வாசலில் வந்து நிற்பதில்லையா? அதேதான். இறுதியில் உயிர் அடங்குகிறது. யாரும் யாரையும் வெல்லவில்லை. பிற வீரர்களைப் போல இந்தக் கேப்டனை நிரந்தரமாகத் திருப்பிக்கொண்டுவர நிறுவனமும் துணியவில்லை.

1984இல் ரோஜர் ஸ்டெர்ன் எழுதிய சிறுகதை ஒன்று உண்டு. ஸ்பைடர்மேன் பற்றிய செய்தித் துணுக்குகளைச் சேர்க்கும் ஒரு சிறுவனை ஸ்பைடர்மேனே இரவில் வந்து பார்க்கிறான், பேசிக்கொண்டிருக்கிறான், முகமூடியைக் கழற்றிக் காட்டுகிறான், அங்கிள் பென் தன்னால் செத்த கதையைச் சொல்கிறான். கடைசிக் கட்டத்தில்தான் அந்தக் கட்டடம் புற்றுநோய் மருத்துவமனை என்றும் பையனுக்கு ரத்தப் புற்றுநோய் என்றும் தெரிகிறது. 2011இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் குழுவின் ஜானி இறந்ததும், அடுத்த இதழை ஜோனதன் ஹிக்மன் ஏறக்குறைய முழுக்க வசனமே இல்லாமல் எழுதினார். ஆலன் மூர் 1985இல் எழுதிய சூப்பர்மேன் கதை வேறொரு ஆழம். மாயச்செடி ஒன்று அவனுக்கு, பிறந்த கிரகமான கிரிப்டானை அழியாததாகக் கனவில் காட்டுகிறது. அதில் அவனுக்கு ஒரு மகன். விழித்துக்கொள்ள வேண்டுமென்றால் அந்த மகன் பொய் என்று அவனிடமே சொல்ல வேண்டும். இழந்ததை இரண்டாம் முறை, தெரிந்தே இழப்பது. தூக்கத்தில் வந்து பேசிவிட்டுப் போகும் செத்தவர்களை அறிந்தவர்களுக்கு இந்தக் கதை புரியும்.

2007இல் கேப்டன் அமெரிக்கா சுடப்பட்டபின் ஜெஃப் லோப் எழுதிய ஐந்து இதழ்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் சொன்ன ஐந்து நிலைகளை ஆளுக்கொரு வீரனுக்குப் பங்கிட்டார் லோப்: மறுப்பு வுல்வரினுக்கு, கோபம் அவெஞ்சர்ஸுக்கு, பேரம் ஹாக்ஐக்கு, மனச்சோர்வு ஸ்பைடர்மேனுக்கு, ஏற்பு அயர்ன்மேனுக்கு. அந்த ஐந்து நிலைகளும் முதலில், சாகப்போகும் நோயாளிகளிடம் கேட்டு எழுதப்பட்டவை. இழந்து நிற்பவர்களுக்கான வரைபடமாக அவற்றைப் பயன்படுத்துவதில் சிக்கல் உண்டு. கதையும் கொஞ்சம் பாடத்திட்டம்போல நடக்கிறது. ஆனால் லோப் அதை எந்த நிலையில் எழுதினார் என்பதை மறக்கக்கூடாது. அவருடைய மகன் சாம் 2005இல் பதினேழு வயதில் எலும்புப் புற்றுநோயால் இறந்தான். சாம் எழுதத் தொடங்கியிருந்த ‘சூப்பர்மேன்/பேட்மேன்’ இதழைத் தந்தையின் சக எழுத்தாளர்களும் ஓவியர்களும் கூடிப் பங்குபோட்டு முடித்துக்கொடுத்தார்கள். அச்சுக்கூடத்துக்குள் நடந்த அந்தக் காரியம், அவர் எழுதிய ஐந்து இதழ்களைவிடத் தொல்காப்பியத்தின் ஆறு படிகளுக்கு அருகில் இருக்கிறது.

பெண்கள் விஷயத்தில் இந்த வடிவம் செய்திருப்பது அநீதி. 1994இல் வந்த ஒரு கிரீன் லேன்டர்ன் கதையில் நாயகன் வீட்டுக்கு வந்து குளிர்பதனப் பெட்டியைத் திறந்தால் காதலியின் பிணம். எழுத்தாளர் கெயில் சிமோன் 1999இல் இப்படிக் கொல்லப்பட்ட, சிதைக்கப்பட்ட பெண் பாத்திரங்களின் பெயர்களைப் பட்டியலிட்டபோது அது நீண்டுகொண்டே போனது. ஆணின் கோபத்துக்கு விறகாகப் பெண்ணின் சாவு. பெண் தானே துக்கப்பட்டால்? அவெஞ்சர்ஸ் குழுவின் வாண்டா தன் குழந்தைகளை இழந்தவள். 2004, 2005 கதைகளில் அவளுடைய துக்கம் பைத்தியமாகவும் உலகுக்கே ஆபத்தாகவும் காட்டப்படுகிறது. அவளைக் கொன்றுவிடலாமா என்றுகூட மற்ற வீரர்கள் கூடிப் பேசுகிறார்கள். தந்தையை இழந்த மகன் காவலன், பிள்ளையை இழந்த தாய் பேரழிவு. கண்ணகியும் ஓர் ஊரை எரித்தவள்தான். அவளைப் பைத்தியம் என்று இளங்கோ ஓரிடத்திலும் தள்ளவில்லை. இமயத்திலிருந்து கல் கொண்டுவந்தான் சேரன்.

வில்லன்களுக்குக் கொடுத்த துக்கம் பல சமயம் நாயகர்களுடையதைவிட நேர்மையானது. யூத இன அழிப்பு முகாமில் குடும்பத்தைப் பறிகொடுத்த எக்ஸ்மென் கதைகளின் மேக்னிட்டோ ஓர் உதாரணம். நம் பக்கத்தில் 2021இல் வந்த ‘மின்னல் முரளி’ திரைப்படத்தின் ஷிபு. நம் குரு சோமசுந்தரம் நடித்த அந்தப் பாத்திரம், ஊரார் வைத்த தீயில் தன் உஷாவை இழந்து கதறும் காட்சிக்குப் பிறகு, வில்லன் என்ற சொல் வாயில் வர மறுக்கிறது.

தமிழ் வாசகர் கைக்கு வந்த காமிக்ஸில் துக்கம் எங்கே இருந்தது? 1984 ஜூலையில் லயன் காமிக்ஸ் தொடங்கியபின் கொண்டாடப்பட்ட வலைமன்னன் ஸ்பைடருக்கும் (இவன் ஸ்பைடர்மேன் அல்ல) இயந்திர மனிதன் ஆர்ச்சிக்கும் இழக்க யாரும் இல்லை. இன்றும் தமிழில் மிக அதிகம் நேசிக்கப்படும் டெக்ஸ் வில்லர் அதிசக்தி உள்ளவர் அல்லர். ஆனால் அம்மை நோய் ஏறிய கம்பளிகளால் மனைவி லிலித்தை இழந்தவர். மகன் கிட் எப்போதும் கூடவே குதிரையில் வருவதால் அந்த இழப்பு சொல்லாமலே இருந்துகொண்டிருக்கிறது. நமக்கு உரிய பெரிய உதாரணம் வேதாளர்தான். ராணி காமிக்ஸ் வாசகருக்கு முகமூடி வீரர் மாயாவி. லீ ஃபால்க் 1936இல் தொடங்கிய தொடர், இந்திரஜால் காமிக்ஸ் வழியாக 1964 முதல் இந்தியாவெங்கும் பரவியது. கடற்கொள்ளையரால் கொல்லப்பட்ட தந்தைக்காக 1536இல் ஒருவன் எடுத்த சபதம், இருபத்தொரு தலைமுறையாகத் தொடர்கிறது. மண்டை ஓட்டுக் குகைக்குள் முன்னோர்களின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. அவர்கள் வரலாறு ஏடுகளில் எழுதிவைக்கப்படுகிறது. வாழும் வேதாளர் அங்கேதான் குடியிருக்கிறார். முன்னோரை வீட்டுக்குள் வைத்திருக்கும் இந்த ஒழுங்கு நமக்கு அந்நியமாகத் தெரியாததில் வியப்பில்லை. அதற்குள் ஒரு கொடுமையும் உண்டு. வேதாளருக்குச் சாவே இல்லை என்று காடு நம்ப வேண்டும். ஆகவே தந்தை இறந்ததும் மகன் அதே உடுப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து நிற்க வேண்டும்; அப்பா போய்விட்டார் என்று ஊருக்குச் சொல்லி அழ அவனுக்கு உரிமை இல்லை. கடை திறக்க வேண்டுமே என்று மூன்றாம் நாளே கல்லாவில் உட்காரும் மகன்களை எங்கள் பகுதியிலேயே பார்த்திருக்கிறேன்.

இந்த ஆய்வு இப்போது ஏன் வேண்டும் என்பதற்கும் என் பகுதியே காரணம். அடுக்ககங்களில் சாவு சுருங்கிவிட்டது. ஃப்ரீசர் பெட்டி வருகிறது, அமரர் ஊர்தி வருகிறது, பெசன்ட் நகர் மின்மயானத்தில் சில மணி நேரத்தில் எல்லாம் முடிகிறது. பிள்ளைகளை அடுத்த ஃபிளாட்டில் விட்டுவிடுகிறோம். ஒப்பாரியை அவர்கள் சினிமாவில்தான் கேட்கிறார்கள். தாத்தாவின் முகத்தைக் கடைசியாகப் பார்ப்பதற்கு முன்பே அங்கிள் பென்னின் சாவைப் பார்த்துவிட்ட தலைமுறை இது. அந்தக் கதைகள் அவர்களுக்கு என்ன சொல்லித்தருகின்றன என்பது வெறும் ரசனைக் கேள்வி அல்ல. அழுகையை உடனே வேலையாக மாற்று, காரணமானவனைத் தேடிப் பிடி, போனவர் எப்படியும் வருவார் என்றால் மூன்றுமே பொய்.

2001 இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு ஸ்பைடர்மேன் இதழ் ஒன்று கறுப்பு அட்டையோடு வந்தது. இடிபாடுகளுக்கு நடுவே வீரர்கள் செய்வதறியாமல் நிற்கிறார்கள். கொடுங்கோலன் டாக்டர் டூம் அழும் கட்டம் மிகை என்று அப்போதே பலர் சொன்னார்கள், எனக்கும் மிகைதான். ஆனாலும் நடந்ததை நடந்த கையோடு தன் வடிவத்துக்குள் கொண்டுவந்து அவர்கள் நின்றார்கள். நமக்கும் அப்படியொரு நாள் உண்டு. 2004 டிசம்பர் 26 காலையில், சுனாமியில், கடல் பட்டினப்பாக்கத்துக்குள்ளும் சீனிவாசபுரத்துக்குள்ளும் வந்தது. எங்கள் தெருவிலிருந்து நடந்துபோகும் தூரம். ஈழத்தில் அந்த அலையையும் 2009 முள்ளிவாய்க்காலையும் தாங்கிய ஒரு குடும்பத்தின் கதையை, பெஞ்சமின் டிக்ஸ் எழுத லிண்ட்சே பொல்லாக் வரைந்து 2019இல் ‘வன்னி’ என்ற கிராஃபிக் நாவலாக ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்கள். அதில் பறந்துவரும் வீரன் எவனும் இல்லை. அழுகைக்கு அதில் இடம் இருக்கிறது.

சிவகாசிப் பதிப்பாளர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். ஐம்பதாண்டுகளாகச் சாகசத்தைத் தமிழில் கொண்டுவந்து சேர்த்தவர்கள் நீங்கள்; நந்தனம் புத்தகக் காட்சியில் உங்கள் அரங்கில் இன்றும் அப்பாவும் மகனும் சேர்ந்து நிற்கிறார்கள். ‘கேப்டன் மார்வெலின் மரணம்’ போன்றவற்றின் உரிமையை வாங்கித் தமிழில் கொடுங்கள். அதோடு, அந்தக் கடலைப் பற்றி, அலையை நிறுத்த முடியாத ஒரு வீரனைப் பற்றி, அதன்பின் அவன் உட்கார்ந்த பதினாறு நாட்களைப் பற்றி ஒரு தமிழ்க் கதை வேண்டும். அதை வரையக்கூடிய இளைஞர்கள் பட்டினப்பாக்கத்திலேயே இருப்பார்கள். போய்க் கேளுங்கள்.